கோபக்காரி மார்க் தீப்பெட்டி

மதுரை
4.2.1984

ஏட்டி பாலு,

இடைசெவல் கருத்தையா குமாரத்தி, முட்ட வந்த கிடாவையே முறைத்துத் திருப்பி அனுப்பிய வீராங்கனை பாலம்மாள் சமூகத்துக்கு, மதுரை பெண்கள் விடுதி மாடியறையில் கொசுக்களுக்கு அன்னதானம் நடத்திவரும் ஸ்டெல்லாமேரி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். காலேஜில் சேர்ந்த நாளாக நான் போட்ட ஒரு கடிதத்துக்கும் பதில் எழுதாதவளிடம் என்ன கேள்வி வேண்டிக்கிடக்கிறது?

சங்கதிக்கு வருகிறேன். எங்களுக்கு 'மக்கள் தொடர்பு' என்று ஒரு பாடம் உண்டு. பத்திரிகை, ரேடியோ, சினிமா, விளம்பரம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார்கள். அதில் போன பருவத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் ஊர்ப் பொருள் ஒன்றுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். படமும் நாமே, வாசகமும் நாமே. மொத்தம் இருபது மார்க். மதுரைக்காரிகள் சுங்குடிச் சேலைக்கும் மல்லிகைப்பூவுக்கும் பாய்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரி விடுதி இட்லிக்கே விளம்பரம் போடப் பார்த்தாள். செங்கல் சூளைக்காரன் கேஸ் போடுவான் என்று நான்தான் தடுத்தேன். கோவில்பட்டிக்காரி எதைப் போடுவாள்? கடலைமிட்டாய் என்றால் வரைந்து முடிக்கும் முன்னே தின்றிருப்பேன். ஆகவே தீப்பெட்டி.

மயில், புலி, ரோஜா எல்லாம் லேபிளில் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துப்போனது. பார்த்தாலே பற்றிக்கொள்கிற ஒரு முகம் வேண்டும் என்று யோசித்தேன். பிளஸ் ஒன்னில் உன் புத்தகப் பையில் ஓணான் விட்டேனே, அன்றைக்கு என்னை ஒரு பார்வை பார்த்தாயே, அதை அப்படியே இறக்கிவிட்டேன். ரெட்டைச் சடை, சேர்ந்த புருவம், இடது புருவத்தை அந்தக் கிடாக்கொம்பு கிழித்த வடு, ஒன்றையும் விடவில்லை. மேலே 'கோபக்காரி' என்று பெயர். கீழே 'ஒரே உரசல், உடனே கோபம்' என்று வாசகம்.

பதினெட்டு மார்க்! வகுப்பிலேயே நான்தான் முதல். மதிப்பெண் மதிப்பெண் என்கிறார்களே, அதற்குள் இருந்த பெண் நீதானடி.

ஆனால் ரெண்டு மார்க் போயிற்று. அது ஏன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் வேதமணி மிஸ் பச்சை மையில் எழுதிய கருத்துரையை அப்படியே தருகிறேன். 'கோடுகளில் தயக்கம் இல்லை. முகம் உயிரோடு இருக்கிறது. வாசகம் சுருக்கம், மறக்காது. ஆனால் இந்த முகம் கற்பனை இல்லை என்று தெரிகிறது. இவள் யார்? இவளிடம் கேட்டீர்களா?'

தீப்பெட்டி போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? இதில் இன்னொரு கூத்து. அந்தக் கருத்துரையைப் படித்து யோசித்து, நமக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நன்றாக எழுதினால் குறைந்த மார்க்கைத் திரும்பத் தருவார்களாம். எனக்கு என்ன தோன்றுகிறது? நீ ஒரு வரி எழுதி அனுப்பினால் ஜோலி முடிந்தது என்று தோன்றுகிறது. 'என் முகத்தை வரைய எனக்குச் சம்மதம், இப்படிக்குப் பாலம்மாள்.' அவ்வளவுதான். அதை ஒட்டிக் கொடுத்து இருபதையும் வாங்கிவிடுவேன்.

இன்னொரு விசயமும் இருக்கிறது, சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸ் லீவில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி செண்பகராஜ் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். சிரித்தார். எனக்கு ஒரு ஹீரோ பேனா கொடுத்தார். இந்த எழுத்து அந்தப் பேனாவுடையதுதான். மீதி தானாக உன் வீட்டு வாசலுக்கு வரும். வந்ததும் வாயைப் பிளந்துவிட்டு, மூடி, பதில் எழுது.

இப்படிக்கு
உன் ஓணான்
ஸ்டெல்லாமேரி


இடைசெவல்
19.2.1984

ஸ்டெல்லாமேரிக்கு,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே நீ சொன்னது வாசலுக்கு வந்துவிட்டது.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் லேபிள் ஒட்டுவதுதான் மத்தியான வேலை. உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பசைச்சட்டியில் நீயும் கை விட்டவள்தான். போன மாதக் கடைசியில் தீப்பெட்டி ஆபீஸ் சைக்கிள்காரர் புது லேபிள் கட்டு இறக்கினார். அம்மா கட்டைப் பிரித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, இங்கன வா. இது நீயில்லா?"

நான் பார்த்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. புருவத்துக் கோட்டில் விரலை வைத்துக் காட்டினாள். "எங்க கிடாய் போட்ட கோடுல்லா இது. எனக்கா தெரியாது?"

அவள் சந்தோசப்பட்டாள் என்பதையும் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நாலு லேபிளை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனாள். "எம்மவ படம் சிவகாசியில அச்சடிச்சு வந்திருக்கு, பாருங்கட்டீ" என்று காட்டினாள். அன்றைக்கு அவள் ஒட்டியதில் ஒன்றுகூடக் கோணல் இல்லை. என் முகத்தில் பசை பட்டால் முந்தானையால் துடைத்துத் துடைத்து அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரத்திலிருந்து தங்கச்சாமி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. தன் மகனுக்கு என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பீடி பற்றவைக்கப் பெட்டியை எடுத்தவர், திருப்பிப் பார்த்தார். அய்யாவிடம் கேட்டார்.

"மச்சான், ஒம்ம மக மூஞ்சிய எதுக்குல்லாம் உரசுதாவன்னு ஒமக்குத் தெரியுமா? எட்டயபுரம் பெட்டிக்கடையில தொங்குது. கள்ளுக்கடைக்காரன் மடியில கிடக்கு. குடிச்சுட்டு ரோட்டுல எறிஞ்சுட்டுப் போறான். நாலு பேரு மிதிச்சுட்டுப் போறான்."

அய்யா எழுந்து ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். கடைசியில் அய்யா ஒரே ஒரு சொல் சொல்லித்தான் சம்மதித்தார். "போயிட்டு வா. ஆனா ஒன்னப் பத்தி ஒரு பேச்சு வரப்புடாது." ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண் எங்கள் சாதிசனத்தில் இதுவரை இல்லை. வைகாசியில் விண்ணப்பம் போடுவதாக இருந்தோம். இப்போது அய்யா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நீ கேட்ட ஒரு வரியை எழுதமாட்டேன். உன் மிஸ் கேட்டது சரியான கேள்வி. வரைந்து, கொடுத்து, அச்சாகி, எங்கள் வீட்டுப் பசையிலேயே ஒட்டியும் ஆன பிறகு சம்மதம் கேட்கிறாய். அதுவும் எனக்காக இல்லை, ரெண்டு மார்க்குக்காக.

மதிப்பெண் என்று விளையாடியிருக்கிறாய். மதிப்பு உனக்கு. பெண் மட்டும் நான்.

பாலம்மாள்


மதுரை
26.2.1984

பாலம்மாள் அவர்களுக்கு,

ஒரு தீப்பெட்டிக்கா இவ்வளவு தீ? மயில் மார்க் பெட்டியைப் பார்த்து மயில் அழுததா? புலி மார்க்குக்காரன் மேல் புலி பாய்ந்ததா? நீ மட்டும்தான் உலகத்திலேயே முதன்முதலாகப் பெட்டி மேல் ஏறினவள் மாதிரிப் பேசுகிறாய்.

நான் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. பார்த்ததும் நீ சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். என் மேல் கல்லை விட்டெறிவாய், பிறகு சிரிப்பாய், ஓணானுக்குச் செய்த மாதிரி. இடைசெவல் தாண்டினால் அந்த முகம் யாருடையது என்று எவனுக்குத் தெரியும்? உன் அம்மா லேபிளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகாதிருந்தால் உன் மாமாவுக்கே தெரிந்திருக்காது. அதையும் என் கணக்கில் எழுதுகிறாய்.

வேதமணி மிஸ்ஸிடம் நேரே போய்ச் சண்டை போட்டேன். "மிஸ், தீப்பெட்டிக்கு எதுக்கு மிஸ் சம்மதம்?" என்று கேட்டேன். "தீப்பெட்டிக்கு வேண்டாம் ஸ்டெல்லா, அவளுக்கு" என்றார்கள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீயும் மிஸ்ஸும் ஒரே பள்ளிக்கூடம் போல.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லட்டுமா? பிரச்சினை படம் இல்லை. நான் காலேஜுக்கு வந்தது உனக்குப் பொறுக்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கார்டு உண்டா? ஏச வேண்டும் என்றதும் மட்டும் ரெண்டு பக்கம் வருகிறது.

ஸ்டெல்லாமேரி

மிஸ் கேட்ட அந்த ஒரு பக்கத்தை இன்னும் எழுதவில்லை. ஒன்றும் தோன்றவில்லை.


இடைசெவல்
10.3.1984

ஸ்டெல்லா,

பொறுக்கவில்லை என்பது உண்மைதான். உன் கடிதத்தில் மிஸ் இருக்கிறார்கள், மாடி இருக்கிறது, இட்லிகூட இருக்கிறது. பதில் எழுத உட்கார்ந்தால் என்னிடம் பசைச்சட்டிதான் இருந்தது. டிரெயினிங்கில் சேர்ந்ததும் முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். எழுதாததற்குக் காரணம் அதுதான். இப்போது சொல்லியாயிற்று.

வியாழக்கிழமை டைப்ரைட்டிங் கிளாசுக்குக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் மூன்று பேர். ஒருத்தன் பெட்டியை எடுத்துப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏலே, அவதாம்லே! கோட்டப் பாரு" என்றான். இன்னொருத்தன் குச்சியைக் கிழித்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஒரே உரசல்" என்றான். மற்றவன்கள் "உடனே கோபம்" என்று பாட்டுப்போல் முடித்தான்கள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். உன் மிஸ் எழுதியது சரி. வாசகம் மறக்கவில்லை, யாருக்கும்.

நான் முறைத்தேன். முறைத்ததும் இன்னும் சிரிப்பு. படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறேனாம். கோபப்பட்டால் கோபக்காரி, சிரித்தால் சம்மதக்காரி. அதனால் இப்போது முகத்தை ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொள்ளப் பழகுகிறேன். வீட்டில்கூட அப்படித்தான் இருக்கிறேனாம். "ஏம்ட்டீ செத்த மாதிரி பாக்க?" என்று அம்மா கேட்டாள்.

யாரோ அய்யாவிடம் சொல்லிவிட்டார்கள். டைப்ரைட்டிங் நின்றுவிட்டது.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மாவால் லேபிளை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் அடுத்த கட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒட்டுகிறாள். ஆனால் ஒட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். எல்லாம் கோணல்மாணலாகப் போகிறது. நேற்று ஆபீஸ் கணக்குப்பிள்ளை வந்து ஏசிவிட்டுப் போனார். "முன்னாடி நல்லாத்தானம்மா ஒட்டுன, இப்பம் கண்ணு அவிஞ்சுபோச்சா?" 

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஈஸ்டர் லீவுக்கு வருவாய் அல்லவா? செண்பகராஜ் அண்ணாச்சியிடம் போய் அந்த லேபிளை நிறுத்தச் சொல். நீ கொடுத்த படம், நீதான் கேட்க முடியும். வைகாசிக்குள் நின்றுவிட்டால் பேச்சும் நின்றுவிடும். அய்யா மனம் மாறுவார். அது மட்டும் போதும். வேறு ஒன்றும் செய்யாதே.

பாலம்மாள்

இந்தக் கடிதத்துக்கும் அந்தப் பேனாவிலேயே பதில் எழுதாதே.


கோவில்பட்டி
24.4.1984

பாலு,

பென்சிலில் எழுதுகிறேன். பேனா செண்பகராஜ் அண்ணாச்சி மேஜையில் கிடக்கிறது.

ஈஸ்டர் பூசை முடிந்த மறுநாளே போனேன். அண்ணாச்சி ஃபேனுக்கு அடியில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கோபக்காரி லேபிள நிப்பாட்டணும்."

"ஏம்மா? வடக்க பிச்சுக்கிட்டுல்லா போவுது. எம் மயிலு தோகைய விரிச்சு விரிச்சுப் பாத்தும் போவாத ஊருக்கெல்லாம் ஒங் கோவக்காரி போயிட்டா."

"அது என் கூட்டுக்காரி முகம் அண்ணாச்சி. அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு."

"அப்படியா! நீ சொல்லித்தான எனக்கே தெரியுது. ஊருல ஆருக்கும்மா தெரியப்போவுது? வருசம் பூராவுக்கும் அச்சடிச்சு இறக்கியாச்சு. அதக் கொண்டுபோயி கம்மாயிலயா போட?" கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுசன்தான். "ஒண்ணு செய்வோம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பேனா குடுத்துருவோம்."

என் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நீ பஸ்ஸில் இருந்தாயே, அது கொஞ்சம்போல் புரிந்த மாதிரி இருந்தது.

அதோடு சும்மா வருவேன் என்று நினைத்தாயா? தீயை வைத்தவளே அணைக்க வேண்டாமா? அவர் லேபிளை நிறுத்தமாட்டார், சரி. ஜனங்கள் அந்த முகம் நீ என்று நினைப்பதை நிறுத்தலாம் அல்லவா! எங்கள் சித்தப்பா மகன் இஸ்ரவேல் அண்ணன் பிரஸ்ஸில் டாக்கீசுக்குப் பிட் நோட்டீஸ் அடிப்பார்கள். மிச்சம் கிடந்த ரோஸ் தாளில் நானே வாசகம் எழுதி அடித்துவிட்டேன்.

'முக்கிய அறிவிப்பு. கோபக்காரி மார்க் தீப்பெட்டியில் இருக்கும் படம், சிலர் நினைப்பதுபோல இடைசெவல் கருத்தையா மகள் பாலம்மாள் அல்ல! அல்ல! அல்ல! புருவத்தில் தெரியும் கோடு அச்சுப் பிழை. படத்தில் இருப்பது நானே. கோபம் இருந்தால் என்னிடம் காட்டவும். இப்படிக்கு, ஸ்டெல்லாமேரி, கோவில்பட்டி.'

எப்படி? மூன்று 'அல்ல' போட்டிருக்கிறேன், ஆண்டவரைப் பேதுரு மூன்று தரம் மறுதலித்த மாதிரி. என் மானம் கப்பலேறட்டும், பரவாயில்லை. இன்றைக்கு விடிந்ததும் பஸ் ஸ்டாண்டு, சந்தை, இடைசெவலுக்குப் பிரிகிற விலக்கு டீக்கடை என்று ஒட்டினேன். எட்டயபுரம் பஸ், விளாத்திகுளம் பஸ், ரெண்டுக்குள்ளும் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்று. கோணல் இல்லாமல் ஒட்டினேன் பாலு. உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த கை.

இனி ஒரு பயல் வாய் திறக்கமாட்டான். நீ விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பு. மதுரைக்குப் போகும் முன் ஒரு எட்டு வந்து உன்னைப் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா


இடைசெவல்
29.4.1984

ஸ்டெல்லாமேரி,

வராதே.

பெட்டியில் முகம் மட்டும்தான் இருந்தது. எங்கள் ஊருக்கும் ஒரு பஸ்ஸுக்கும் தெரிந்திருந்தது. நீ அதற்குப் பேர் வைத்து, ஊர் வைத்து, அய்யா பேரையும் வைத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாய். நாகலாபுரத்தில் என்னைக் கண்ணால் கண்டிராதவன்கூட இப்போது பெட்டியை எடுத்து, "இதுதாம்ல இடைசெவல் பாலம்மா" என்கிறான். இல்லை என்று எழுதினால் யார் நம்புகிறார்கள்? அப்படி எழுத வேண்டிய அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் பேசுகிறார்கள். என்ன நடந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதையெல்லாம் நான் எழுதமாட்டேன்.

மாமா பஸ்ஸிலிருந்து அந்த ரோஸ் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து அய்யா முன்னால் வைத்தார். அய்யாவுக்கும் எழுத்துத் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். மூன்று 'அல்ல'வையும் வாசித்தேன். 'கருத்தையா மகள்' என்ற இடத்தில் அய்யா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஆனியில முடிச்சிருவோம் மாப்ள," என்றார் மாமாவிடம்.

பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒரு தப்பும் செய்யலம்மா. எனக்குத் தெரியும்" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விண்ணப்பம் இல்லை. போட்டோ இல்லை. அம்மா அழுகிறாள், லேபிளைத் தெருவில் காட்டியது தான்தான் என்று. நீயும் அதைத்தானே எழுதியிருந்தாய்.

வேறு ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருந்தேன். அந்த வரியை வாசித்தாயா? வாசித்திருப்பாய். அது உனக்குப் பச்சை மையில் எழுதின வரி மாதிரி இருந்திருக்கும். கருத்துரை.

என் புருவம் அச்சுப் பிழை இல்லை.

பாலம்மாள்


மதுரை
20.7.1984

பாலு,

இந்த விலாசம் உன் அம்மா கொடுத்தது. தெருவில் நின்றுதான் கேட்டேன், வீட்டுக்குள் போகவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ளை சுடலைக்கண்ணு நல்ல மாதிரி என்றார்கள். அவர்கள் கையில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. என்னை ஏசவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்கள்.

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரியாமலே ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதிலும் வந்திருந்தால் அடித்துவிட்டு வாசி.

அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். கெடு முடிந்து எவ்வளவோ நாளாயிற்று, ஆனாலும் கொடுத்தேன். ரெண்டு வரிதான் வந்தது. 'கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கேட்கவில்லை.' வேதமணி மிஸ் வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். மார்க் போடவில்லை. அந்தப் பதினெட்டையும் அடித்துவிடுங்கள் என்று சொன்னேன். அதெல்லாம் ஆபீசுக்குப் போய்விட்டது, இனி அடிக்க முடியாது என்றார்கள். அண்ணாச்சி சொன்ன மாதிரியேதான். அச்சானது அச்சானதுதான்.

இந்த வருசம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் விளம்பர வேலை கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் இந்த லேபிளையும், நடந்ததையும் வகுப்பில் காட்டிச் சொல்லலாமா என்று மிஸ் கேட்டார்கள். பெயர் சொல்லமாட்டார்களாம். என்னைக் கேட்டால் எப்படி, அது என் முகம் இல்லையே என்று சொன்னேன். உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறேன். காட்டலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாகலாபுரத்துக்கு ஒரு நாள் வந்து உன்னைப் பார்க்கலாமா? பதில் வரும் வரைக்கும் எந்த பஸ்ஸிலும் ஏறமாட்டேன்.

ஸ்டெல்லா


நாகலாபுரம்
6.8.1984

ஸ்டெல்லா,

உன் கடிதத்தை இவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். பிரிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்கவில்லை. நல்ல மாதிரிதான். வெயிலில் ஆட்டோடு நின்றுவிட்டு வந்தால் பேச அவரிடம் மிச்சம் இருப்பதில்லை.

இந்த வீட்டிலும் கோபக்காரிதான் வாங்குகிறார்கள். வேண்டுமென்று வாங்கவில்லை, முக்குக் கடையில் அது ஒன்றுதான் வருகிறது. காலையில் அடுப்புப் பற்றவைக்க நானேதான் கிழிக்க வேண்டும். முதல் நாள் அத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், போய்விட்டாள். இப்போது யாரும் பார்ப்பதில்லை. சில பெட்டியில் லேபிள் கோணலாக இருக்கும். அது அம்மா ஒட்டியது என்று தெரிந்துகொள்வேன்.

ரெண்டு கேள்வி கேட்டிருந்தாய்.

வகுப்பில் காட்டட்டும். ஆனால் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரில்லாமல் ஒருதரம் காட்டியாயிற்று, பெயரை 'அல்ல' போட்டு ஒருதரம் காட்டியாயிற்று. இந்தத் தரம் சரியாகச் சொல்லச் சொல். பாலம்மாள், டீச்சர் டிரெயினிங் போக இருந்தவள் என்று சொல்லச் சொல். அந்த மாதிரியாவது ஒரு வகுப்புக்குள் நான் போய் நிற்பேன். புருவத்தில் இருப்பது கிடாக்கொம்பு என்பதையும் சொல்லச் சொல்.

இரண்டாவது. கேட்டுவிட்டாய் என்பதற்காக நான் சரி என்று சொல்வேன் என்று நினைத்திருப்பாய். கேட்டால் இல்லை என்றும் பதில் வரும் ஸ்டெல்லா. வராதே. இந்த வருசமும் வேண்டாம், அடுத்த வருசமும் வேண்டாம். கடிதமும் இதோடு போதும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபப்பட்டால் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். இப்போது எல்லாருக்கும் தெரியும்.

பாலம்மாள்